நூற்று எண்பத்தெட்டு அச்சு வெல்லம்

அன்றைக்குத் தராசு மண்டபத்தில் இருந்தவர்கள்: நான், அர்த்தநாரி. என் வீட்டுக்காரி பாவாயி. திருப்பூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்த எங்கள் மகள் கோகிலா. குருக்கள். தராசைப் பார்த்துக்கொள்ளும் பொன்னுரங்கம். எங்களுக்கு அடுத்து வாழைப்பழத்தில் துலாபாரம் கொடுக்கக் காத்திருந்த ஒரு புருஷன் பெண்டாட்டி, அவர்களுடைய கைக்குழந்தை. தூணோரம் துண்டை விரித்துத் தூங்கிக்கொண்டிருந்த ஒரு பெரியவர். ஆக ஒன்பது பேர். குழந்தைக்கு விவரம் தெரியாது, பெரியவருக்குக் கண் மூடியிருக்கிறது, என்னை நானே பார்த்துக்கொள்ளப் போவதில்லை. மிச்சம் ஆறு பேர் முன்னால்தான் நான் சட்டையைக் கழற்ற வேண்டும். இந்தக் கணக்கில் என்னை ஒன்றாக எண்ணியிருக்கிறேன். பஸ்ஸில் கண்டக்டர் என்னை இரண்டாக எண்ணிய காலம் உண்டு.

சட்டையைக் கழற்றினேன். துண்டை எடுத்து மார்பை மூடிக்கொள்ளலாம் என்று பார்த்தால் குருக்கள், "துண்டை இடுப்புல கட்டிக்குங்கோ, சுவாமிக்கு முன்னாடி மேல போடப்படாது" என்றார். சரி என்று கட்டிக்கொண்டேன். தோல் தொங்கியது. உள்ளே இருந்தது போய்விட்டது, உறை மட்டும் நிற்கிறது. அரிசி இறக்கின சாக்கை ஆணியில் மாட்டினால் அடியில் இரண்டு மடிப்பு விழும், அந்த மாதிரி. ரேஷன் கடையில் எடை போடுகிறவனாக முப்பத்தொரு வருஷம் இருந்தவனுக்கு வேறு எது ஞாபகம் வரும். குழந்தையின் அம்மா அதன் முகத்தை வேறு பக்கம் திருப்பியதைப் பார்த்தேன், எனக்காகத் திருப்பினாளா, வெயிலுக்காகத் திருப்பினாளா தெரியவில்லை. பொன்னுரங்கம் கையைப் பிடித்துத் தட்டில் உட்காரவைத்தார். சதுரப் பலகை, நாலு மூலையிலும் சங்கிலி. "சங்கிலியப் புடிச்சுக்குங்க, கால மடக்கிக்குங்க, தரையத் தொடக்கூடாது." முட்டி மடங்காது என்று சொல்ல வெட்கமாக இருந்தது, மடக்கினேன். குளத்தில் முங்கிவிட்டு ஈர வேட்டியோடு உட்காருவது இந்தக் கோயில் வழக்கம். எட்டு முழ வேட்டி நனைந்தால் முக்கால் கிலோ தாராளமாக ஏறும். படிக்கட்டில் நின்று பிழியலாம் என்று நுனியைக் கையில் எடுத்தபோது பாவாயி, "சாமிகிட்டயே கழிக்கப் பாக்கறீங்களா" என்று கேட்டாள். விட்டுவிட்டேன். இப்போது தொடையில் ஈரம் சில்லென்று ஒட்டியிருக்கிறது. எதிர்த்தட்டு காலியாக என் தலைக்கு மேலே நிற்கிறது. நான் கீழே, அது மேலே. காலித் தட்டுக்கு ஒரு அழகு உண்டு. காலையில் கடை திறந்ததும் தட்டைத் துடைத்து, முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்ப்பேன். அந்த ஒரு நிமிஷம் யாருக்கும் எதுவும் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"லாபம்" என்றார் பொன்னுரங்கம். முதல் அச்சு விழுந்தது. ஒன்று என்று சொல்லக்கூடாது, முதலாவது எப்போதும் லாபம். "ரெண்டு." "மூணு." அரைக்கிலோ அச்சு ஒவ்வொன்றும். ஒரு சிப்ப மூட்டைக்கு அறுபது. மூன்று மூட்டையும், துணிப்பையில் தனியாக எட்டும். நூற்று எண்பத்தெட்டு. சரியாகத் தொண்ணூற்று நாலு கிலோ. பாவாயியின் தம்பி வெல்ல ஆலையில் நின்று ஒவ்வொன்றாக நிறுத்து வாங்கியது, அதில் சந்தேகம் இல்லை. சந்தேகம் என்மேல்தான். ஏழு வருஷத்துக்கு முன்னால், நூற்று முப்பத்தெட்டுக் கிலோவாக என்னைக் கோயமுத்தூருக்குக் கொண்டுபோய் இரைப்பையை வெட்டிச் சின்ன வாழைக்காய் அளவுக்கு ஆக்கினார்கள். தையல் கசிந்துவிட்டது. பதினோரு நாள் கண்ணாடிக் கதவுக்குள் கிடந்தேன். அப்போது பாவாயி வேண்டிக்கொண்டாளாம், பிழைத்து வந்தால் என் எடைக்கு எடை வெல்லம். பிழைத்து வந்தேன். ஒன்றரை வருஷத்தில் தொண்ணூற்று நாலுக்கு இறங்கினேன். அப்போதே கொடுத்திருக்கலாம். எண்பது வரட்டும் என்றேன் நான். ஊர் பார்க்க இதில் ஏறி உட்காரக் கூச்சம், அதற்கு எண்பது ஒரு சாக்கு. எண்பது வரவில்லை. தொண்ணூற்று மூன்றே வரவில்லை. வருஷம் போனது, முள் தொண்ணூற்று நாலில் நின்றது. "பன்னெண்டு." "பதிமூணு." கடையில் முள் ஆடாமல் நின்றால்தான் எனக்கு நிம்மதி. பொம்பளைகள், "இன்னும் ஆடுதே, எடுக்காதீங்க" என்பார்கள், "நிக்கட்டும் தாயி, நின்னாத்தான் எடை" என்பேன். வீட்டுக் குளியலறைத் தராசில் அதே நின்ற முள்ளைப் பார்த்துப் பார்த்து ஒருநாள் காலால் தள்ளிக் கட்டிலுக்கு அடியில் விட்டேன். இரண்டு இட்லிக்குமேல் சாப்பிட முடியாதவன் எப்படி இறங்காமல் இருக்கிறான். ஊரில் அதற்குப் பதில் வைத்திருந்தார்கள். திருட்டுத்தீனி என்று எதிர்வீட்டில் சொன்னது எனக்கே கேட்டது. நான் திருடவில்லை. முப்பத்தொரு வருஷம் ஒரு படி சர்க்கரை திருடவில்லை, என் வாயிலா திருடுவேன்.

"முப்பத்தெட்டு." எண்ணுகிற குரல் ஒரே சீராக வந்தால் கண் சொக்குகிறது. மயக்கம் கொடுக்க மூக்கை மூடிய அந்த டாக்டரும் எண்ணத்தான் சொன்னார், "ஒண்ணுலயிருந்து எண்ணுங்க ஐயா" என்று. லாபம் என்று ஆரம்பித்தேன், சிரித்தார், என்ன லாபம் என்று கேட்டார், ஏழு வரைக்கும் போனேன், எட்டு என்பது வாயில் இருந்தது, வெளியே வரவில்லை. அந்த எட்டு இன்னும் எங்கேயோ கிடக்கிறது. அதற்குப் பிறகு தண்ணீர். தண்ணீருக்கு அடியில் படுத்திருப்பது மாதிரி, மேலே ஆட்கள் நடக்கிறார்கள், ஒரு பச்சைத் துணி போகிறது, ஒரு வாளி போகிறது, பாவாயியின் வளையல் சத்தம் மட்டும் தண்ணீருக்குள் இறங்கி வருகிறது. பதினோரு நாளும் வலி இல்லை என்றுதான் எல்லாரிடமும் சொன்னேன். வலி இருந்தது. தாகம் அதைவிட இருந்தது. உதட்டில் ஈரப்பஞ்சு வைப்பார்கள், அதை உறிஞ்சக்கூடாது, உறிஞ்சினேன், நர்ஸ் திட்டினாள், மறுபடி உறிஞ்சினேன். அந்தக் கண்ணாடிக் கதவுக்குள் மறுபடி போவதா. புதன்கிழமை. இன்றைக்கு ஞாயிறு. "அறுவது" என்று முதல் மூட்டையை உதறினார் பொன்னுரங்கம். வெல்லத்தூள் வெயிலில் பறந்தது, பொன் நிறத்தில் மெதுவாக, விழ மனம் இல்லாமல். எதிர்த்தட்டு இன்னும் மேலேயேதான். நான் அசையவில்லை. கோகிலா சுவரோரம் கைகட்டி நிற்கிறாள். புதன்கிழமை என்று நாள் வாங்கியவள் அவள்தான். ஆடி மாசம் பரிசோதனைக்குப் போனபோது டாக்டர், "அஞ்சு வருஷமா அதே இடத்துல நிக்குது, முட்டி தேயுது, சர்க்கரை ஏறுது, இன்னொரு ஆபரேஷன் பண்ணிடலாம், குடலைக் கொஞ்சம் மாத்தித் தைக்கணும்" என்றார். தைக்கணும் என்ற சொல் கேட்டதும் எனக்குக் காது அடைத்துக்கொண்டது. கார் வரைக்கும் வந்து, கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு, வேண்டாம் சாமி என்றேன். கோகிலா அழவில்லை, கத்தவில்லை. "அந்தக் கதவுக்கு வெளிய பதினோரு ராத்திரி உக்காந்தது நானுங்கப்பா. எனக்கு மட்டும் ஆசையா? கார்த்திகைக்குள்ள அஞ்சு கிலோ இறக்கிக் காட்டுங்க, நாளைத் தள்ளீர்றேன். இல்லைன்னா பேசப்படாது." அதற்குப் பாவாயி, "வீட்டுத் தராசு வேண்டாம். வேண்டுதல் கெடக்குதில்ல, சாமி தராசுலயே பாத்துக்கலாம்" என்றாள். அன்றிலிருந்து நான் எந்தத் தராசிலும் ஏறவில்லை. அஞ்சு கிலோ என்றால் பத்து அச்சு. பத்து அச்சு மிஞ்ச வேண்டும். ஒன்பது மிஞ்சினால் புதன்கிழமை.

பத்து மிஞ்சினால்? மிஞ்சினால் கோகிலா கேட்பாள். எப்படிங்கப்பா என்று கேட்பாள், அதுவும் பாவாயியை வைத்துக்கொண்டு. அதை நினைத்தால்தான் இந்தச் சங்கிலி கையில் வழுக்குகிறது. ஒன்பதுக்குப் பயம், பத்துக்கும் பயம், நடுவில் உட்கார இடம் இல்லை. அதே ஆடி மாசம், டாக்டர் அறைக்கு அடுத்த அறையில், சாப்பாட்டு முறை சொல்கிற ஒரு சின்னப் பெண். எல்லாம் கேட்டாள், எத்தனை தடவை, எவ்வளவு, எண்ணெய், இனிப்பு. எல்லாவற்றுக்கும் அளவோடு பதில் சொன்னேன், அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. கடைசியில், "சாப்பாட்டை எப்படி ஐயா சாப்பிடுவீங்க?" என்றாள். பிசைந்துதான், என்றேன். வீட்டில் நன்றாகக் குழையப் பிசைந்து கொடுப்பார்கள். "எத்தனை நாளா?" ஆபரேஷன் ஆனதிலிருந்து. அவள் பேனாவை மூடிவிட்டாள். "ஐயா, அது ஆறு வாரத்துக்குத்தான். தையல் ஆறுற வரைக்கும். குழைஞ்ச சோறு அந்தச் சின்னப் பையில நிக்காது, வழுக்கிட்டு எறங்கிரும், மறுபடி பசிக்கும். மென்னு திங்கணும் நீங்க. பயிறு, முட்டை, மீனு, கடிக்கிற சாமானா." ஆறு வாரம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. குழையச் சாப்பிடு என்று சொன்னார்கள், போதும் நிறுத்து என்று சொல்லவில்லை. கடையில் ஒரு உத்தரவு வந்தால் அடுத்த உத்தரவு வரும்வரை அதுதான் உத்தரவு. அரை லிட்டர் மண்ணெண்ணெய் என்று ஒரு மழைக்காலத்துக்குச் சொன்னதை, மாற்றிச் சொல்லாததால் நாலு வருஷம் அரை லிட்டராகவே ஊற்றியவன் நான். பாவாயியும் அப்படித்தான். அவள் கை. அரிசிம்பருப்புச் சோற்றைக் குழைய வடித்து, நெய் விட்டு, உள்ளங்கையால் அழுத்தி, விரல் இடுக்கில் பிதுங்குகிற மாதிரி, ஒரு பருக்கை தட்டுப்படாமல் பிசைவாள். பிசையும்போது எதிரில் உட்கார்ந்து ஊர்க்கதை சொல்வாள். ரசம் சோறு, தயிர் சோறு. இரண்டு மணிநேரம் கழித்து நான் தண்ணீர்ச் சொம்பைத் தேடினால், "பசிக்குதுங்களா, சித்த பிசைஞ்சு தரட்டுங்களா" என்பாள். கேட்டது அவள், சரி என்றது நான். அப்படி ஒரு நாளைக்கு ஆறு தடவை. தட்டு சின்னது, அதனால் எனக்குக் கணக்கில் கொஞ்சமாகவே தெரிந்தது. கண்ணாடிக் கதவிலிருந்து என்னை அந்தக் கையால்தான் அவள் வெளியே இழுத்தாள். அந்தக் கைதான் என் எடையை இறங்கவிடாமல் நிறுத்திவைத்திருக்கிறது என்று அவளிடம் எந்த வாயால் சொல்வேன். சொல்லவில்லை. மறுநாள், "தொண்டை பழகோணுமாம், இனி நானே மென்னு தின்னுக்கறேன்" என்று மட்டும் சொன்னேன். ஏன் என்று கேட்பாள், அழுவாள் என்று பயந்தேன். அவள் கேட்கவே இல்லை. சரிங்க என்று எழுந்துபோய் பச்சைப்பயறு ஊறவைத்தாள்.

"அறுவது" என்று இரண்டாவது மூட்டையும் உதறப்பட்டது. நூற்றிருபது. அறுபது கிலோ. என் கல்யாணத்தில் நான் அறுபது கிலோதான் இருந்திருப்பேன், அந்த வயதில் யார் நிறுத்துப் பார்த்தார்கள். அந்த ஆள் முழுசாக எதிர்த்தட்டில் உட்கார்ந்திருக்கிறான், பழுப்பாக, இனிக்க இனிக்க. அவனுக்கு மேலே வந்ததெல்லாம்தான் இனிமேல் விழப்போகிறது. மூன்றாவது மூட்டையின் வாயைப் பொன்னுரங்கம் பிரித்தார். "லாபம்." மெல்லுவது லேசில்லை. முதல் ஒரு மாசம் தாடை வலித்தது. ஆறு வருஷம் வேலை செய்யாத தாடை. ஒரு வாய் சுண்டல், மெல்லு, மெல்லு, இன்னும் மெல்லு, வாய்க்குள்ளேயே நான் பிசைந்துகொண்டேன். அரைக்கிண்ணத்தில் வயிறு கல்லாக நின்றுவிடும், சாயங்காலம் வரை பசி எட்டிப் பார்க்காது. பயமாகக்கூட இருந்தது, பசி எங்கே போயிற்று என்று. பாவாயி எதிரில் உட்கார்ந்திருப்பாள், கை மடியில் கிடக்கும், கதை சொல்லமாட்டாள். பிசையாத கைக்குக் கதை வரவில்லை போல. மென்றுகொண்டே நானும் பேச முடியாது. வீட்டில் என் தாடைச் சத்தம் மட்டும். "இருவத்தொண்ணு." ஒருநாள் அவள், "அந்தப் பொட்டுக்கடலை மிஷினு உங்களவிடச் சத்தம் கம்மிங்க" என்றாள். சிரித்தேன், புரையேறியது. அதற்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கதை திரும்பி வந்தது. தோட்டம் வரை நடக்க ஆரம்பித்தேன், வேட்டியைச் சற்று இறுக்கிக் கட்டினேன். இறங்கியிருக்கிறேனோ என்று ஒரு நினைப்பு வரும், உடனே அதை விரட்டுவேன். ஈர வேட்டி முக்கால் கிலோ. முடி இறக்கியிருந்தால் நூறு கிராம் போயிருக்கும். "இருவத்தாறு, இருவத்தேழு." எண்பத்தேழோடு… இல்லை, நூற்றிருபதும் இருபத்தேழும்.

அப்போதுதான் உச்சிகால பூஜைக்கு மணி அடித்தார்கள். மண்டபம் முழுக்க மணி, கூடவே அந்த மோட்டார் மேளம். குழந்தை வீரிட்டது. பொன்னுரங்கத்தின் வாய் அசைகிறது, சத்தம் வரவில்லை. அவர் கை மூட்டைக்குள் போகிறது, வருகிறது, போகிறது, வருகிறது. நான் கையை எண்ணினேன், பத்து வரை எண்ணினேன், கற்பூரம் உள்ளே சுற்றியது, எல்லாரும் கும்பிட்டார்கள், நானும் சங்கிலியை விட்டு ஒரு கை தூக்கினேன், அந்த இடத்தில் எண்ணிக்கை கையைவிட்டுப் போய்விட்டது. என் ஆயுளில் எடை பாதியில் கணக்கை விட்டது அன்றைக்குத்தான். விட்டதும் பதற்றம் வரவில்லை. அது ஆச்சரியம். மணிச் சத்தத்துக்குள் உட்கார்ந்திருந்தேன், தண்ணீருக்குள் உட்கார்ந்திருக்கிற மாதிரி, ஆனால் இந்தத் தண்ணீரில் தாகம் இல்லை. வெல்ல வாசனை. எங்கள் சின்ன வயதில் ஆலைக் கொப்பரையில் பாகு கொதிக்கும்போது மேலே வரும் நுரை மாதிரி நானும் அடியிலிருந்து மெல்ல வருகிறேனோ என்று தோன்றியது. தோன்றவில்லை, நிஜமாகவே பலகை அசைந்தது. கல்லுக்கும் பலகைக்கும் நடுவில் ஒரு விரல் காற்று. இரண்டு விரல். எதிர்த்தட்டு தலைக்கு மேலிருந்து முகத்துக்கு நேரே இறங்கிவந்து, மார்புக்கு நேரே நின்றது. நானும் அதுவும் சமமாக ஆடினோம். மணி நின்றது. மண்டபத்தில் சங்கிலி கிரீச்சிடும் சத்தம் மட்டும் மிச்சம். தூணோரப் பெரியவர் எழுந்து உட்கார்ந்து என்னைப் பார்த்தார், அவரையும் சேர்த்து ஏழு பேர், தோலைப் பற்றி எனக்கு ஞாபகமே இல்லை.

"எத்தனைங்க?" என்றாள் கோகிலா. பொன்னுரங்கம் தலையைச் சொறிந்தார். "மணிச் சத்தத்துல விட்டுப்போச்சும்மா. மிச்சத்த எண்ணிக்கலாமுங்க, ஒண்ணும் கெட்டுப்போகலை." துணிப்பை கட்டு அவிழாமல் சுவரோரம் இருந்தது. அதில் எட்டு. மூன்றாவது மூட்டை தொளதொளவென்று சரிந்து கிடந்தது, உள்ளே இருக்கிறதா இல்லையா என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது, சாக்கை எனக்குத் தெரியும், காலிச் சாக்கும் அப்படித்தான் சரியும். எட்டு இருக்கிறது, இன்னும் இரண்டு வேண்டும். என்னை இறக்கிவிட்டார்கள், கால் மரத்திருந்தது. கோகிலா வந்து தோளைப் பிடித்துக்கொண்டாள். "அப்பா, இறங்கித்தான் இருக்கீங்க. பையையே தொடலை பாருங்க. அஞ்சு வருஷமா அசையாததுக்கு அப்படி என்ன பண்ணுனீங்க?" பாவாயி நாலடி தள்ளி நின்றாள். நான் வாயைத் திறந்தேன். பயறு என்று சொல்லலாம், நடை என்று சொல்லலாம். இரண்டும் பொய் இல்லை.

"நான் பிசையறத நிறுத்துனேன் கண்ணு" என்றாள் பாவாயி. "அதுதான்." நான் தரையைப் பார்த்தேன். "அந்தப் புள்ள ஆசுபத்திரில இவருக்குச் சொன்னப்ப நான் கதவுக்கு வெளிய இக்கட்டதான நின்னேன். தண்ணி பாட்டில வச்சுக்கிட்டு. ஆறு வாரம்னா ஆறு வாரம். நானும் கேக்கலை, இவரும் கேக்கலை. சரி, வீட்டுக்கு வந்து சொல்லுவாரு, நாமும் ஒரு பாட்டம் அழுதுக்கலாம்னு பாத்தேன். மனுசன் தொண்டைங்கறாரு, தாடைங்கறாரு. ஆடி போயிக் கார்த்திகை வந்துருச்சு." என்னைப் பார்த்தாள். "எனக்கு வருத்தமாயிரும்னுதான?" தலையை ஆட்டினேன். "வருத்தந்தான். அதுக்காக உங்கள மறுபடி அந்தக் கண்ணாடி ரூமுக்கு அனுப்ப முடியுமா. மென்னு தின்னா உங்களுக்கு அழகாத்தான் இருக்குது, போங்க." பொன்னுரங்கம் மூட்டையைத் தூக்கப் போனார். "நீங்க இருங்க தம்பி, நான் எண்ணறேன்" என்று சேலையைச் செருகிக்கொண்டு கீழே உட்கார்ந்தாள். முதலில் துணிப்பையை அவிழ்த்து, லாபத்தில் ஆரம்பித்து எட்டையும் வரிசையாகக் கல்லில் வைத்தாள். பிறகு மூட்டைக்குள் தோள் வரை கையை விட்டுத் துழாவினாள். கோகிலாவின் விரல்கள் என் தோளில் அழுந்தின. பாவாயி கையை வெளியே எடுத்தாள். ஒன்பது என்று வைத்தாள். மறுபடி விட்டாள். பத்து என்று வைத்தாள். என் தோளிலிருந்த பிடி தளர்ந்தது, கோகிலா மூக்கை உறிஞ்சிக்கொண்டு போனை எடுத்து, புதன்கிழமை வரவில்லை என்று சொல்லத் தள்ளிப் போனாள். பாவாயி எழுந்திருக்கவில்லை. மூட்டையைத் தலைகீழாகப் பிடித்து ஒரு தடவை உதறினாள். மூலையில் மாட்டியிருந்தது ஒன்று விழுந்து உருண்டது. அதையும் எடுத்து, ஊதி, வரிசையில் வைத்தாள்.

பதினொன்று.